ஃபாரன்ஹீட் 451 இப்பவும் படிக்கணுமா?

கேள்வி, மே 17
அக்கா, அண்ணன் எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். ஃபாரன்ஹீட் 451 நேத்துதான் முடிச்சேன். வீட்டுல புத்தகம் வச்சிருந்தா தீயணைப்பு வண்டி வந்து வீட்டையே கொளுத்திட்டுப் போற கதை, ரே பிராட்பரி 1953ல எழுதினது. எனக்கு இது காலாவதியான பயம்னு தோணுது. இப்ப எல்லாம் போன்ல இருக்கு, ஒரு காப்பிய எரிச்சா இன்னொரு காப்பி எங்கயாவது இருக்கும். யாரு எத எரிச்சு என்ன ஆகப்போவுது? சரியா தப்பா சொல்லுங்க.

மே 17, ராத்திரி 11.40
தம்பி, தப்புன்னுதான் சொல்லுவேன். நான் இத முதல்ல படிச்சது 1989ல, பதினேழு வயசுல, சிங்கப்பூர் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டுல இருந்த பழைய தேசிய நூலகத்துல. சிவப்புச் செங்கல் கட்டடம், 2004ல மூடி அப்புறம் சுரங்கச்சாலை போடறதுக்காக இடிச்சுட்டாங்க, உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்காது. அன்னிக்கு எனக்குப் புரிஞ்சது கெட்ட அரசாங்கம், நல்ல புத்தகம், அவ்வளவுதான். மோன்டாக்னு ஒரு தீயணைப்பாளர், அவரு வேலையே தீ வைக்கறது. காகிதம் தானா பத்திக்கற சூடுதான் தலைப்பு, 451 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம செல்சியஸ் கணக்குல 250 டிகிரி. அந்த வயசுல தீயத்தான் பார்த்தேன். இப்ப ஐம்பதுக்கு மேல ஆயிடுச்சு, தீ வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுங்கறதுதான் கண்ணுல படுது. நாளைக்கு விரிவா எழுதறேன்.

மே 18
250 இல்ல, 233. மகன் பக்கத்துல உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினான்.

மே 20
சரி, விஷயத்துக்கு வர்றேன். நாவல்ல எனக்கு இப்ப ரொம்ப பயம் தர்ற ஆளு தீ வைக்கறவர் இல்ல, அவரு பொண்டாட்டி மில்ட்ரட். வரவேற்பறையில மூணு சுவரும் டிவி, நாலாவது சுவரும் வாங்கணும்னு கேக்கறாங்க, ரெண்டாயிரம் டாலர், புருஷனோட வருஷச் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. சுவத்துல வர்ற ஆளுங்களத்தான் குடும்பம்னு சொல்றாங்க. ராத்திரி காதுல சிப்பி மாதிரி ஒரு குட்டி ரேடியோவ வச்சுக்கிட்டுத்தான் படுக்கறது. 1953ல எழுதினது இது! ஒரு இடத்துல மோன்டாக் கேப்பாரு, நாம முதல்ல எங்க சந்திச்சோம்னு. அவங்களுக்கும் ஞாபகம் வரல, இவருக்கும் வரல. பத்து வருஷம் ஒண்ணா குடித்தனம் பண்ணின ரெண்டு பேரு. அந்த ஒரு பக்கத்த நான் மூணு தடவ படிச்சேன், அப்புறம் எழுந்து போய் அடுக்களையில நின்னுட்டு வந்தேன். என் அம்மாவுக்கு எண்பது வயசு, நேத்து என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டா சொல்லத் தெரியாது, ஆனா அப்பாவ முதல்ல பார்த்த இடத்த இப்பவும் சொல்லுவாங்க.

தம்பி கேட்ட கேள்விக்கு பதில் நாவலுக்குள்ளயே இருக்கு. தீயணைப்பு கேப்டன் பீட்டி மோன்டாக் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து விளக்குவாரு பாருங்க, இது மேலேர்ந்து அரசாங்கம் உத்தரவு போட்டு ஆரம்பிச்சதே இல்ல, ஜனங்க தானா படிக்கறத விட்டாங்க, பெரிய புத்தகத்த சுருக்கினாங்க, சுருக்கினத மறுபடியும் சுருக்கினாங்க, யாரு மனசும் நோகக்கூடாதுன்னு ஒவ்வொண்ணா கழிச்சாங்க, கடைசியிலதான் தீப்பெட்டி வந்துச்சு. ஆயிரம் காப்பி போன்ல இருக்குன்னு சொல்றீங்களே, அதுல எத்தன காப்பிய யாராவது திறந்தாங்க?

மே 21, காலையில
நேத்து எழுதினதுல ஒரு ஓட்டை. பீட்டி சொல்றத அப்படியே உண்மைன்னு எடுத்துக்கிட்டேன். அவரு யாரு? எரிக்கற படைக்குத் தலைவர். நாங்க இல்ல, நீங்களேதான் கேட்டு வாங்கினீங்கன்னு சொல்றது அவருக்கு வசதியான கதை. எழுத்தாளரே வயசான காலத்துல, இது டிவி ஜனங்களோட படிப்ப அழிக்கறத பத்தின கதைன்னு சொன்னாருதான். ஆனா எழுதின சமயத்துல அமெரிக்காவுல மெக்கார்த்திங்கற செனட்டர் கம்யூனிஸ்ட் வேட்டை நடத்தின காலம், எவன் என்ன படிக்கறான்னு துப்பறிஞ்ச காலம், அந்த பயமும் உள்ள இருக்கு. ரெண்டும் உண்மை. ஜனங்க விட்டுக் கொடுத்த இடத்துக்குள்ளதான் அதிகாரம் வந்து உட்காருது.

இன்னொரு தகவல், இது எனக்கு ரொம்பப் பிடிக்கும். புத்தகத்த எரிக்கற இந்தக் கதைய அவரு எழுதினதே ஒரு நூலகத்தோட அடித்தளத்துல. லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல வாடகை டைப்ரைட்டர், அரை மணி நேரத்துக்குப் பத்து காசு போடணும். மொத்தம் 9 டாலர் 80 காசு செலவாச்சாம். கணக்குப் பார்த்தா 49 மணி நேரம்.

மே 24
இத எழுதலாமா வேணாமான்னு நாலு நாளா யோசிச்சேன்.

எங்கப்பா செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலைக்குச் சேர்ந்து, 1968ல அது கப்பல் பட்டறையா மாறின பிறகும் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றவரு. ஆறாங்கிளாஸ் வரைக்கும்தான் பள்ளிக்கூடம். சம்பளத்துல முதல்ல புத்தகம், அப்புறம்தான் அரிசின்னு அம்மா திட்டுவாங்க. 1950கள்ல தமிழ் முரசு பத்திரிகையில, மலாயாப் பல்கலைக்கழகத்துல தமிழ் நூலகத்துக்காக தமிழ் எங்கள் உயிர்னு ஒரு நிதி திரட்டினாங்க, அதுக்கு அப்பா கொடுத்த ஒரு வெள்ளிய, அதாவது ஒரு டாலர, பத்தி சாகற வரைக்கும் பெருமையா பேசுவாரு. அந்தப் பல்கலைக்கழக வாசப்படிய அவரு ஒரு நாளும் மிதிச்சதில்ல.

அப்பா 2011ல தவறிட்டாரு. 2016ல ஈசூன்ல இருந்த ஐந்தறை வீட்ட வித்துட்டு மூவறைக்கு மாறினோம். நாலு பெட்டி புத்தகம். கரையான் இல்ல, ஆனா ஓரமெல்லாம் மஞ்சளாயி, தொட்டா உதிரும், வெள்ளி மீன் பூச்சி ஓடுது. எனக்கு அப்ப வேலையில நெருக்கடி, பிள்ளைக்குப் பரீட்சை, சாவி ஒப்படைக்க இன்னும் நாலு நாள். கீழ கராங்குனிக்காரர், பழைய சாமான் வாங்கறவரு, ஹார்ன் அடிச்சுட்டுப் போனாரு. நான்தான் கூப்பிட்டேன். அவரு எடைபோட்டு, பழைய பேப்பரோட சேர்த்துக் கட்டி, நாலு வெள்ளி இருவது காசு கையில கொடுத்தாரு. என்னென்ன புத்தகம்னு ஒரு பட்டியல்கூட எழுதி வச்சுக்கல.

எனக்குப் புத்தகத்து மேல வெறுப்பா? இல்ல. யாராவது தடை போட்டாங்களா? இல்ல. தம்பி, அதனாலதான் காலாவதியான பயம்னு நீங்க சொன்னதும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

மே 25
நூலகத்துக்குக் கொடுத்திருக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. கொடுத்திருக்கலாம். அது அப்ப எனக்குத் தோணலங்கறதுதான் விஷயமே.

ஜூன் 1
நேத்து ராத்திரி மே 31. 1981ல இதே ராத்திரி யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வச்சாங்க. 97,000 புத்தகம், அதுல ஓலைச்சுவடியும் உண்டு. எங்க புளோக்குல ஒரு பெரியவர் இருக்காரு, யாழ்ப்பாணத்துல பிறந்து இளவயசுல சிங்கப்பூர் வந்தவரு. லிப்ட்ல பார்த்து இந்த நாவல் பேச்ச எடுத்தேன். அவரு கேட்டாரு, பிள்ளை, அது கதையில எரிஞ்சது, எங்களுக்கு உண்மையில எரிஞ்சது, நீ ஏன் கதையில இருந்து தொடங்கறாய்? அப்புறம் அந்த நூலகத்து வாசிப்பு மண்டபத்துல பெஞ்ச் எந்தப் பக்கம் பார்த்து இருக்கும், காத்து எங்கேர்ந்து வரும், மத்தியானத்துல எந்த மூலை குளிர்ச்சின்னு எட்டாவது மாடியில லிப்ட் கதவ கையால தடுத்துப் பிடிச்சுக்கிட்டே சொல்லிக்கிட்டிருந்தாரு. புத்தகப் பேரு ஒண்ணுகூட சொல்லல, இடத்தத்தான் சொன்னாரு.

அவரு கேட்டது நியாயம். இது முழுக்க வெறுப்புல நடந்தது. நான் மே 24ல எழுதினதையும் இதையும் ஒரே தட்டுல வைக்கக்கூடாது. என் நாலு பெட்டிக்கு நான் பொறுப்பு. ஒரு சமூகத்தோட நூலகத்துக்குத் திட்டம்போட்டு தீ வைக்கறது வேற. ரெண்டுக்கும் ஒரே வார்த்தை போட்டா குற்றவாளிக்கு வசதியாயிடும். பீட்டி பேசற பேச்சு அந்த வேலையத்தான் செய்யுது.

ஜூன் 3
இங்க தடையே கிடையாதான்னு கேட்டவருக்கு. சட்டம் இருக்கு, விரும்பத்தகாத வெளியீடுகள் சட்டம், 1967லேர்ந்து. ஆனா எனக்கு ஞாபகம் வர்றது 2014 ஜூலை. மூணு பிள்ளைங்க புத்தகத்த நூலகத்துல இருந்து எடுத்து காகிதக்கூழாக்கப் போறாங்கன்னு செய்தி வந்துச்சு. அதுல ஒண்ணு ரெண்டு ஆண் பெங்குவின் சேர்ந்து ஒரு குஞ்ச வளர்க்கற கதை. பெத்தவங்க பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்துக் கீழ்த்தளத்துல தரையில உட்கார்ந்து அந்தக் கதைங்கள வாசிச்சாங்க. ரெண்டு புத்தகம் தப்பிச்சு பெரியவங்க பிரிவுக்குப் போச்சு, மூணாவது அதுக்குள்ள கூழாயிடுச்சு. எடுக்கணும்னு கேட்டவங்களும் பெத்தவங்கதான், வேணும்னு உட்கார்ந்தவங்களும் பெத்தவங்கதான். அந்தக் கதைங்க பத்தி வீட்டுக்கு வீடு கருத்து மாறலாம். கூழாக்கறது மட்டும் திருப்ப முடியாத வேலை, அலமாரி மாத்தறது அப்படி இல்ல. என்னோட நிலைப்பாடு அவ்வளவுதான்.

பிராட்பரிக்கே இது நடந்துச்சு தெரியுமா? பள்ளிப் பிள்ளைங்களுக்குன்னு 1967ல ஒரு பதிப்பு போட்டாங்க, பதிப்பகத்து ஆளுங்க அங்கங்க கெட்ட வார்த்தையையும் சங்கடமான இடத்தையும் மாத்திட்டாங்க, 75 இடம்னு அவரே எழுதியிருக்காரு. அவருக்கே தெரியாம பல வருஷம் அதுதான் வித்துக்கிட்டிருந்துச்சு. படிச்ச மாணவருங்கதான் கண்டுபிடிச்சு அவருக்குச் சொன்னாங்க, அப்புறம்தான் பழையபடி ஆச்சு.

நம்ம பாரதியாருக்கும் உண்டு. அவரு போய் ஏழு வருஷம் கழிச்சு, 1928ல, பர்மா அரசாங்கம் அவரு பாட்டுக்குத் தடை போட, சென்னை மாகாண அரசும் பின்னாடியே போட்டு புத்தகத்த பறிமுதல் பண்ணுச்சு. அந்தத் தடையால ஒரு பாட்டாவது காணாமப் போச்சா? இல்ல. ஏன் இல்லங்கறதுக்குத்தான் அடுத்து வர்றேன்.

ஜூன் 8
அதுக்கு முன்னாடி ஒண்ணு. வெறுப்பே இல்லாம எரிக்கறதுன்னா என்னன்னு உ.வே.சாமிநாதையர் தன்னோட வரலாற்றுல எழுதியிருக்காரு. ஏடு தேடி கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போறாரு. வரகுணபாண்டியன் சேர்த்து வச்ச ஏடுங்க அங்க இருக்கும்னு கேள்விப்பட்டு ஆசையா போறாரு. அங்க இருந்த ஆளு சொல்றாரு, பழசாப்போன ஏட்ட ஆகமத்துல சொல்லியிருக்கற மாதிரி நெய்யில தோய்ச்சு ஹோமம் பண்ணிட்டோம்னு. பக்தியோட, மந்திரம் சொல்லி, மரியாதையா. இன்னும் பல ஊருல ஆடிப்பெருக்குக்கு ஆத்துல விட்டாங்க. 233 டிகிரி, நெய்யோட.

அந்த எடத்த படிச்சப்ப எனக்கு என் கையில இருந்த நாலு வெள்ளி இருவது காசு ஞாபகம் வந்துச்சு. அவரு அப்படி அலைஞ்சுதான் 1887ல சீவக சிந்தாமணிய அச்சுக்குக் கொண்டு வந்தாரு. அதே 1887லதான் நம்ம ஊருல சிங்கை நேசன்னு தமிழ்ப் பத்திரிகை வந்துச்சு. அதோட பிரதிய இன்னிக்கும் பார்க்க முடியுதுன்னா யாரோ ஒருத்தர் அத எடைக்குப் போடலன்னு அர்த்தம்.

ஜூன் 15, ஞாயிறு
இன்னிக்கு நேரம் இருக்கு, நீளமா எழுதறேன். நாவலோட கடைசி. மோன்டாக் ஊர விட்டு ஓடி, தண்டவாளத்து ஓரத்துல ஒரு கூட்டத்த பார்க்கறாரு. ஒவ்வொருத்தரும் ஒரு புத்தகம். மனப்பாடமா தலைக்குள்ள வச்சுக்கிட்டு, பிள்ளைங்களுக்கு வாயால சொல்லி வைப்போம், ஒரு நாள் திரும்ப அச்சடிப்போம்னு காத்திருக்காங்க. மோன்டாக்குக்கு பைபிள்ல பிரசங்கி. எல்லாரும் இத அழகான முடிவுன்னு சொல்லுவாங்க. எனக்கு இது நாவலோட பலவீனமான இடம். ஏன்னா ஒரு தடவ படிச்சது எதுவா இருந்தாலும் அப்படியே மீட்டெடுக்க ஒரு முறை கண்டுபிடிச்சுட்டோம்னு அந்தத் தலைவர் கிரேஞ்சர் ஒரே வரியில சொல்லி முடிச்சுடறாரு. வாயாலயே புத்தகத்த காப்பாத்தின பரம்பரையில வந்த நம்மகிட்ட அப்படி சொன்னா செல்லுமா?

நம்ம ஆளுங்க எப்படிப் பண்ணாங்க? அந்தாதின்னு ஒண்ணு இருக்கு, ஒரு பாட்டோட கடைசி வார்த்தை அடுத்த பாட்டோட முதல் வார்த்தை, நடுவுல ஒண்ணு மறந்தா சங்கிலி அறுந்து நீங்களே மாட்டிக்குவீங்க. எதுகை ரெண்டாம் எழுத்த பிடிச்சு இழுக்கும், மோனை முதல் எழுத்த. வெண்பாவுல ஒரு சீர மாத்திப் போட்டா தளை தட்டும், காது கேட்டு எச்சரிக்கும். இதெல்லாம் அழகுக்குன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்க. எனக்கு இப்பத்தான் புரியுது, அழகோட சேர்த்து இது பூட்டு, தீ வந்தாலும் பாட்டு தப்பிக்க முன்னாடியே போட்டு வச்ச பூட்டு. சம்பந்தர் மதுரையில ஏட்ட நெருப்புல போட்டும் எரியலன்னு கதை இருக்கே, அத நான் இப்ப இப்படித்தான் கேக்கறேன், ஓலை எரிஞ்சிருக்கலாம், பாட்டு வாயில இருந்தா எரியாது. பாரதியார் பாட்டு தடைக்கு அப்புறமும் நின்னதும் இதனாலதான், தெருவுல பாடறவன் வாய பறிமுதல் பண்ண முடியாது.

ஆனா உரைநடை? எங்கப்பா பெட்டியில இருந்ததுல முக்காவாசி நாவல், கட்டுரை, பயணக்கதை. அதுக்குப் பூட்டே கிடையாது. ஆயிரம் பக்க நாவல ஒரு மனுசன் தலையில எப்படி வச்சுக்குவான்? அதனால அந்தத் தண்டவாளத்துக் கூட்டத்துல எந்தப் புத்தகமா இருப்பீங்கன்னு என்ன கேட்டா, நாவல் பேரு சொல்ல மாட்டேன்.

ஜூன் 16
சரி, பூட்டு இருந்தா போதுமா? போதாது. வளையாபதி பாட்டுதான், நல்ல பூட்டுதான், இன்னிக்கு நம்ம கையில இருக்கறது எழுபத்திச் சொச்சம் பாட்டு. மத்தவங்க எடுத்துக்காட்டினதால பொழைச்ச பாட்டு. சொல்றதுக்கு ஒருத்தர், கேக்கறதுக்கு ஒருத்தர் இல்லன்னா பூட்டு மட்டும் இருந்து என்ன பண்ண.

ஜூன் 29
ரெண்டு வாரமா எழுதலன்னு கேட்டவங்களுக்கு, ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கேன். மூதுரை. முப்பது வெண்பா, அவ்வையார். அப்பா காலையில பல் விளக்கும்போது சொல்லுவாரு. தினம் வேலைக்கு எம்ஆர்டி ரயில்ல போறப்ப, ஈசூன்ல ஏறி சிட்டி ஹால் வர்றதுக்குள்ள ஒரு பாட்டு.

நாவல்லயும் ரயில் காட்சி இருக்கு. மோன்டாக் பாதாள ரயில்ல பைபிள மடியில வச்சுக்கிட்டு ஒரு வரியாவது மனசுல நிக்கணும்னு தவிக்கறாரு, மேல ஒலிபெருக்கியில பற்பசை விளம்பரம் விடாம ஓடுது, ஒவ்வொரு வரியும் சல்லடையில மணல் மாதிரி கீழ போயிடுது. சின்ன வயசுல கடற்கரையில சல்லடைய மணலால நிரப்பினா காசு தர்றேன்னு சொந்தக்காரப் பையன் ஏமாத்தினது அவருக்கு ஞாபகம் வருது. 1989ல அந்தப் பக்கத்த வேகமா தாண்டிட்டேன். இப்ப ஈசூன்லேர்ந்து பீஷான் வரைக்கும் நின்னுக்கிட்டே ஏழாவது பாட்டு மூணாவது அடிய பிடிக்கப் பார்க்கறேன், பக்கத்துல ஒருத்தர் ஹெட்போன் இல்லாம நாடகம் பார்க்கறாரு, கதவு மூடற சத்தம், அறிவிப்பு நாலு மொழியில, பையில போன் அதிருது. அடி போயிடுச்சு. பீஷான்ல மறுபடி முதல்லேர்ந்து. நோவீனா வர்றப்ப எதுகை கை கொடுத்துச்சு, முதல் அடி ரெண்டாம் எழுத்து ஞாபகம் வந்ததும் ரெண்டாவது அடி தானா வந்து நின்னுச்சு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு.

அந்த ரயில் கூட்டத்துல இருந்த பிள்ளைங்களோட பையில போன்ல மூதுரை இருக்கும்தான், ரெண்டு தட்டுல வந்துடும். தம்பி சொன்ன ஆயிரம் காப்பி. இருக்கட்டும், நல்லதுதான். நம்ம தேசிய நூலகம் 1965லேர்ந்து 2015 வரைக்கும் வந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியப் புத்தகங்கள மின்னாக்கம் பண்ணி வச்சிருக்கறத நான் எவ்வளவு நன்றியோட பார்க்கறேன்னு சொல்லி முடியாது, அப்பா பெட்டியில இருந்து எனக்கு ஞாபகம் இருக்கற ரெண்டு புத்தகம் அதுல கிடைச்சுச்சு. அதனால என் முதல் பதில் முழுசா சரி இல்ல தம்பி, காப்பி வேணும். காப்பி இல்லன்னா எனக்கு அந்த ரெண்டும் இல்ல.

ஜூலை 6
அம்மாகிட்ட உட்கார்ந்து கேட்டேன், அப்பா பெட்டியில என்னென்ன இருந்துச்சுன்னு. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். புத்தகப் பேரு தெரியாது. ஆனா அப்பா ராத்திரி சாப்பிட்ட பிறகு சத்தமா வாசிப்பாரு, அந்தக் காலத்துல குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீட்டு ஆளுங்களும் வந்து உட்காருவாங்க. அம்மா ஒரு கதைய ஆரம்பிச்சாங்க, ராணி, சுரங்கப்பாதை, குதிரை, ஒரு துரோகி, ஒரு மணி நேரம் விடாம. நேத்து என்ன சாப்பிட்டாங்கன்னு தெரியாத அதே அம்மா. முடிவுல ராணி செம்பவாங் கடற்கரையில வந்து இறங்கறா. சத்தியமா அப்படித்தான் சொன்னாங்க.

என் மகன் சிரிச்சுட்டு, பாட்டி ரெண்டாம் பதிப்பு போட்டுட்டாங்கம்மான்னான். நானும் சிரிச்சேன். அது எந்த நாவல்னு எனக்கு இப்ப கண்டுபிடிக்க வழியே இல்ல, நாலு பெட்டியில ஒண்ணு. கிரேஞ்சர் சொன்ன முறைப்படி அம்மா தேற மாட்டாங்க. ஆனா உரைநடைக்குப் பூட்டு கிடையாது, தலையில நிக்காதுன்னு ஜூன் 15ல எழுதினேனே, அத மாத்திக்கறேன். வார்த்தை நிக்கல. அப்பா எந்த இடத்துல குரல தாழ்த்துவாருங்கறது நின்னிருக்கு, சுரங்கப்பாதை வர்ற இடத்துல அம்மாவும் அதே மாதிரி தாழ்த்தினாங்க. போன்ல பதிவு பண்ணிட்டேன், ஒரு மணி எட்டு நிமிஷம்.

ஜூலை 13
மூதுரை பதினாலு வந்துட்டேன். தினம் சாயங்காலம் அம்மாவுக்குச் சொல்லிக் காட்டறேன். இன்னிக்கு பத்தாவது பாட்டுல நிறுத்திட்டாங்க. அப்பா அப்படி சொல்ல மாட்டாரு, அந்த வார்த்தை இல்லன்னாங்க. அச்சுப் புத்தகத்த எடுத்துப் பார்த்தேன், நான் சொன்னதுதான் இருக்கு. வேற பதிப்புலயும் பார்த்தேன், அதேதான். அம்மா ஒத்துக்கல. அப்பா சொன்ன வார்த்தைய போட்டா தளையும் தட்டல, அதுதான் எனக்கு ஆச்சரியம். அப்பா பையனா இருந்தப்ப யாருகிட்ட கேட்டாரோ.

இப்போதைக்கு ரயில்ல அச்சுல இருக்கறத சொல்றேன், வீட்டுல அம்மா முன்னாடி அப்பா சொன்னத சொல்றேன். மகன் ரெண்டையும் ஒரு நோட்டுல எழுதி பக்கத்துல தேதி போட்டிருக்கான்.

ஜூலை 14
எட்டாவது மாடிப் பெரியவர் கேட்டாரு, நோட்டுல இன்னும் பக்கம் இருக்கான்னு. அவருக்கு அந்த வாசிப்பு மண்டபத்த வரைஞ்சு கொடுக்கணுமாம். சனிக்கிழமை வர்றாரு.